தினசரி பழக்கமும் நற்குணமும்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை கிராமங்களின் அங்கத்தினர்கள் கூட்டத்தில் பேசியது)



நற்குணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உதாரணத்துக்குப் புராணம் வரை போக வேண்டாம். நம் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்தவரே 1904-ல் பிறந்த ஜி. ராமச்சந்திரன். சாந்திநிகேதனில் படித்தவர், சபர்மதி ஆசிரமத்தில் காந்திஜியிடம் பழகியவர். 1947-ல் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை ஆரம்பித்தார். சௌந்தரம் அம்மாள் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வி. சின்ன வயதில் கணவரை இழந்து, பிறகு வைத்தியம் படித்தவர். 1940-ல் இவர்கள் செய்துகொண்டது ஜாதி கடந்த மறுமணம். அந்தக் காலத்தில் அதற்கு எத்தனை மனோதிடம் வேண்டும் என்று நம் மாமிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த திடம் பிரசங்கம் கேட்டு வருவதில்லை. சபர்மதியில் காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். பிரார்த்தனை, ராட்டினம், கக்கூஸ் சுத்தம் செய்வது, எல்லாம் தினப்படி வேலை. 1930-ல் எரவாடா சிறையிலிருந்து காந்திஜி ஆசிரமவாசிகளுக்கு வாராவாரம் கடிதம் எழுதி, சத்தியத்தில் தொடங்கி ஒவ்வொரு விரதமாக விளக்கினார்.

அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் கிட்டத்தட்ட இப்படித்தான் செய்தார். 13 குணங்களை எழுதிக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாக எடுத்து, தவறிய நாளில் நோட்டில் கரும்புள்ளி வைத்தார். 13 வாரம், வருஷத்துக்கு நாலு சுற்று. கணக்கு சரியாக 52 வருகிறது. சாமான்களை அதனதன் இடத்தில் வைப்பதுதான் அவருக்குக் கடைசிவரை கஷ்டமாக இருந்ததாம்! நம்மில் பல மாமாக்களுக்கு இது ஆறுதலாக இருக்கும்.

நான் சயன்ஸ் படித்தவன், அதனால் ஒரு ஆராய்ச்சியையும் சொல்கிறேன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற அம்மையாரும் குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு காரியம் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற, நடுத்தரமாக 66 நாள் ஆகிறது. ஆளைப் பொறுத்து 18 நாளும் ஆகலாம், 254 நாளும் ஆகலாம் என்பது அவர்கள் கணக்கு. ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டம் இல்லை, மறுபடி தொடர்ந்தால் போதும் என்றும் கண்டார்கள். நம் சந்தியாவந்தனத்தில் காலம் தவறினால் பிராயச்சித்த அர்க்கியம் ஒன்று கொடுத்துவிட்டு மேலே போகிறோம் அல்லவா? தவறியதற்காகக் கர்மாவையே விட்டுவிடு என்று நம் முன்னோர்கள் சொல்லவில்லை.

ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு பழக்கம் தன் எல்லையைத் தாண்டித் தானாகப் போவதில்லை. மூன்று வேளையும் சந்தி தவறாதவர் வீட்டில், பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு இன்றும் தனி டம்ளர் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறது. ஜபத்தின் எண்ணிக்கையில் குறைவில்லை. அந்த டம்ளருக்கு மட்டும் நோட்டில் புள்ளி விழவில்லை. காந்திஜி ராட்டினத்தோடு நிறுத்தாமல் கக்கூஸ் வாளியையும் எல்லோர் கையிலும் கொடுத்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மனசு எங்கே கூசுகிறதோ அங்கேதான் அப்பியாசம் வேண்டும். கை வந்ததையே திரும்பத் திரும்பச் செய்தால் அது வெறும் சௌகரியம்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்குள் வீட்டுக்கு ஒரு விஷயம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கு மேல் வேண்டாம். கோபமில்லாமல் பேசுவது, சொன்ன நேரத்துக்குப் போவது, அந்த டம்ளரை உள்ளே கொண்டுவந்து வைப்பது, எதுவானாலும் சரி. ஏற்கெனவே செய்வதாக இருக்கக் கூடாது. காலைக் காப்பிக்கு முன், விளக்கேற்றிய பின் என்று நேரத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டால் மறக்காது. 66 நாள் எழுதிப் பாருங்கள். குழந்தைகளுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். புள்ளியை அவர்களே வைக்கட்டும், அம்மாக்கள் வைத்துக் கொடுக்கக் கூடாது. தாத்தாவின் நோட்டைக் கேட்டால் காட்டவும் வேண்டும்.