பார்த்தபின் பேசுவோம்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும், கிராமங்களில் வீடியோப் படம் எடுத்துத் தொகுக்கும் இளைஞர் குழுக்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில், வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வயல் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு நீங்கள் இங்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நமது யூனியனைச் சேர்ந்த சில கிராமங்களில் இளைஞர்கள் ஒன்றுசேர்ந்து, செல்போனிலேயே படம் எடுத்து, செல்போனிலேயே வெட்டி ஒட்டித் தொகுக்கிறார்கள். ஒரு காலத்தில் நகரத்து ஸ்டூடியோவில் பெரிய இயந்திரங்களைக் கொண்டு செய்த வேலை இன்று வேப்பமரத்தடியில் நடக்கிறது. கல்யாணமும் கோயில் திருவிழாவும் எடுத்துப் பழகிய இவர்களை, ஏரி வேலை, குப்பை அகற்றுதல், மண் பரிசோதனை முதலிய ஊர்க் காரியங்களையும் படமாக்கும்படி கேட்டுக்கொண்டோம். ஆர்வத்துடன் முன்வந்தார்கள். இக்குழுக்கள் கூடும்போதெல்லாம், படம் தெளிவாக இருக்கிறதா, பாட்டு சரியாகச் சேர்ந்ததா என்ற பேச்சே நடக்கிறது. அதுவும் வேண்டியதே. ஆயினும், படம் முடிந்து விளக்குப் போட்ட பின் ஊரார் என்ன பேசினார்கள் என்று கேட்பவர் அரிது. இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறோம். இதில் நாம் செய்த தவறு ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு மௌனக் கூட்டம்

ஒரு கிராமத்தில் ஏரியைத் தூர் வாரிக் கரையைப் பலப்படுத்தும் வேலை நடந்தது. இளைஞர் குழு ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படம் எடுத்துவிட்டது. அதைப் பன்னிரண்டு நிமிஷமாகக் குறைக்க வேண்டும் என்று சொன்னோம். எதை வைப்பது, எதை வெட்டுவது என்பதிலும் அருகில் அமர்ந்து யோசனை கூறினோம். கடைமடை விவசாயியான ஒரு பெரியவர் பேசிய மூன்று நிமிஷம் அதில் இருந்தது. ஏரி நிரம்பினாலும் தம் வயலுக்கு நீர் எட்டுவதில்லை, நடுவில் வாய்க்கால் ஒடுங்கிவிட்டது, ஒடுக்கியவர் இன்னார் என்று அவர் கூறியிருந்தார். நல்ல வேலை நடந்திருக்கும் சமயத்தில் மனக்கசப்பு எதற்கு என்று கருதி, அப்பகுதியை நீக்கிவிடச் சொன்னோம்.

அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையில் படம் காட்டப்பட்டது. தங்கள் முகம் திரையில் வந்தபோது சிலர் சிரித்தார்கள், சிறுவர்கள் கைதட்டினார்கள். முடிந்ததும், "யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். நாம் ஜீப்பில் ஏறும் சமயத்தில் அந்தப் பெரியவர் வந்தார். "ஐயா, நான் பேசினதைக் காணோமே. நான் பேசவே இல்லீங்களா?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

மக்கள் கூட்டத்தில் பேசுவதில்லை என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். பேச வேண்டிய பொருளை நாமே வெட்டி எறிந்துவிட்டு, பிறகு பேசுங்கள் என்றால் அவர்கள் எதைப் பேசுவார்கள்? இந்தக் கேள்வி மனத்தை உறுத்தியபடியால், இத்துறையில் பிற இடங்களில் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தோம். அவற்றுள் மூன்றை உங்கள் முன் வைக்கிறோம்.

ஃபோகோ தீவின் அனுபவம்

கனடா தேசத்தின் கிழக்குக் கோடியில், நியூபவுண்ட்லாந்துக்கு அருகே, ஃபோகோ என்றொரு சிறு தீவு உண்டு. 1967-ஆம் ஆண்டில் அங்கு ஏறக்குறைய ஐயாயிரம் பேர் சிறு சிறு கிராமங்களில் வாழ்ந்தார்கள். மீன்பிடித்தலே ஜீவனம். மீன் குறைந்தது, பல குடும்பங்கள் சர்க்கார் உதவித்தொகையை நம்பியிருந்தன. சிதறிக் கிடக்கும் கடற்கரைக் கிராமங்களைக் காலி செய்து, மக்களைப் பெரிய ஊர்களில் குடியேற்றும் திட்டம் அக்காலத்தில் அம்மாகாணத்தில் நடந்துவந்தது. போவதா, இருப்பதா என்று தீவினர் தவித்தார்கள். ஆனால் கிராமத்துக்குக் கிராமம் ஒற்றுமை இல்லை. கூடிப் பேசும் வழக்கமும் குறைவு.

அச்சமயம் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ என்னும் இயக்குநர் அங்கு வந்தார். மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவுத் தலைவர் டொனால்ட் ஸ்னோடன் இம்முயற்சிக்குத் துணை நின்றார். 25-க்கும் மேற்பட்ட சிறு படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றை எப்படித் தொகுத்தார்கள் என்பதே நமக்கு வேண்டிய பாடம்.

சாதாரணமாகப் படம் தொகுப்பவர் என்ன செய்வார்? ஒருவர் ஒன்று சொல்வார், உடனே அதை வெட்டி, எதிராகப் பேசுபவரைக் காட்டுவார், மீண்டும் முதலாமவர். பார்ப்பதற்குச் சூடாக இருக்கும். ஆனால் முடிவில் ஒருவர் வென்றவராகவும் மற்றவர் தோற்றவராகவும் தெரிவார். ஒரே தீவில் நாளையும் முகம் பார்த்து வாழ வேண்டியவர்களுக்கு அது கேடு. ஆகையால் காலின் லோ அவ்வாறு வெட்டிக் கோப்பதைக் கைவிட்டு, ஒரு மனிதர் அல்லது ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு படம் என்று தனித்தனியே தொகுத்தார். ஒவ்வொருவர் பேச்சும் அவரவர் போக்கிலேயே சென்றது. அன்றியும், பேசியவர்கள் தங்கள் படத்தைத் தாங்களே முதலில் பார்த்துச் சம்மதித்த பிறகே அது வெளியே காட்டப்பட்டது.

பின்னர் கிராமம் கிராமமாகப் படங்களைப் போட்டு, முடிந்தபின் பேசவிட்டார்கள். ஓர் ஊரார் மற்றோர் ஊராரின் எண்ணத்தைத் திரையில் கேட்டு, நம் கஷ்டமும் இதுவே என்று உணர்ந்தார்கள். படங்கள் மாகாண சர்க்காரின் அதிகாரிகளுக்கும் காட்டப்பட்டன. தீவினர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பெரிய படகுகள் கட்டினார்கள். தீவு காலியாகவில்லை. இதையெல்லாம் படமே செய்தது என்று கூறுவது தவறு. அங்கு ஓர் அபிவிருத்திக் குழு முன்பே பாடுபட்டுக்கொண்டிருந்தது. அக்குழுவின் பேச்சை ஊர்ப் பேச்சாக்கப் படங்கள் உதவின என்பதே சரி.

கேட்டால் மட்டும் போதுமா?

நம் நாட்டில் இதற்கும் முன்னரே ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. கனடாவில் 1941 முதல் 1965 வரை விவசாய வானொலி மன்றங்கள் நடந்தன. "படி, கேள், விவாதி, செய்" என்பது அவற்றின் மந்திரம். அதைப் பின்பற்றி, 1956-இல் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து, அந்நாளைய பம்பாய் ராஜ்யத்தின் பூனா முதலிய ஐந்து ஜில்லாக்களில், சுமார் 150 கிராமங்களில் மன்றங்கள் அமைத்தன. வாரம் இருமுறையாகப் பத்து வாரம் மராத்தியில் ஒலிபரப்பு நடந்தது. ஒவ்வொரு மன்றத்திலும் ஏறத்தாழ இருபது பேர் கூடிக் கேட்டு, உடனே விவாதித்து, தங்கள் கேள்விகளை வானொலி நிலையத்துக்கு அனுப்பினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத கிராமங்களும் ஆராயப்பட்டன. மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு நன்கு வளர்ந்தது; பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் வளர்ச்சி மிகக் குறைவு. ஆகவே, செல்போன் ஒவ்வொரு கையிலும் இருப்பதால் மட்டும் ஊர் தெளிவடைந்துவிடாது. கூடிப் பேசுதல் வேண்டும்.

மூன்றாவது, நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் நடந்தது. பெங்களூரில் 2006-இல் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் என்னும் முயற்சியில், 16 கிராமங்களில் சோதனை செய்தார்கள். ஊருக்கு ஒரு டெலிவிஷன் பெட்டியும் டிவிடி கருவியும்; எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே காமிரா, ஒரே கம்ப்யூட்டர். அப்பகுதி விவசாயிகளே படத்தில் தோன்றினார்கள். அந்தந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் படத்தை நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்பார்; ஐயம் இருந்தால் திரும்பப் போடுவார்; யார் இதைச் செய்து பார்க்கப் போகிறார்கள் என்று குறித்துக்கொள்வார். படத்தில் வரும் விவசாயி எந்த ஊர்க்காரர் என்பதையே பார்ப்போர் முதலில் கேட்டார்களாம். நம்மவர் செய்தார் என்றால் நம்பிக்கை பிறக்கிறது. நிறுத்திக் கேட்டால் பேச்சுப் பிறக்கிறது.

மறுமுறை நடந்தது

இவற்றைப் படித்த பிறகு, அதே கிராமத்துக்குத் திரும்பச் சென்றோம். இளைஞர் குழுவைக் கூட்டி, "எதை விட்டோம்? ஏன் விட்டோம்?" என்று கேட்டோம். நல்லவேளையாக வெட்டிய பகுதிகளை அவர்கள் அழிக்காமல் வைத்திருந்தார்கள். குழுவுக்குள்ளேயே அன்று பெரிய விவாதம் நடந்தது. பெரியவர் பேச்சைச் சேர்த்தால் தலைவர் கோபிப்பார் என்றார் ஒருவர். சேர்க்காவிட்டால் இனி நம்மிடம் யார் உண்மை பேசுவார் என்றார் மற்றொருவர். இரண்டும் நியாயமே.

முதலில் பெரியவர் வீட்டுக்குச் சென்று அவருடைய மூன்று நிமிஷத்தைக் காட்டினோம். இருமுறை பார்த்தார். "ஆளு பேரைச் சொன்னது வேண்டாம் தம்பி. வாய்க்காலைக் காட்டினாப் போதும்" என்றார். பஞ்சாயத்தைக் குறை சொல்லும் படத்தைப் பஞ்சாயத்தே காட்டுவதா என்று தலைவருக்கு நம்மீது வருத்தம். அவர் சொல்ல விரும்பியதையும் குறுக்கே வெட்டாமல் முழுமையாகச் சேர்ப்பதாக வாக்களித்தோம்.

ஜனவரி 26 கிராம சபையில் புதிய படம் காட்டப்பட்டது. மதகு திறக்கும் காட்சியில் படத்தை நிறுத்தி, ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: "மதகு திறந்து எத்தனையாவது நாள் உங்கள் வயலுக்குத் தண்ணீர் வருகிறது?" முதல் நாளே என்றார் ஒருவர். மூன்றாம் நாள் என்றார் அடுத்தவர். எட்டாம் நாள் என்று ஒரு குரல். பின்னால் அமர்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்து, "எங்க வயலுக்கு வந்ததே இல்லை" என்றார். யாரையும் பெயர் சொல்லாமலே, வாய்க்கால் எந்த இடத்தில் ஒடுங்கியது என்பது சபைக்கு விளங்கிவிட்டது. பிறகு தலைவர் பேச்சு வந்தது. வாய்க்காலை அளந்து தரும்படி அவர் இருமுறை மனுக் கொடுத்திருந்த செய்தி அதுவரை ஊரில் பலருக்குத் தெரியாது. அன்று விவாதம் இரண்டு மணி நேரம் நீடித்தது. அளவை செய்யத் தீர்மானம் நிறைவேறியது.

சர்வேயர் வந்து அளந்தார். இரண்டு இடங்களில் வாய்க்கால் பழைய அகலத்துக்குத் திரும்பியது. மூன்றாவது இடத்தின் தகராறு இன்னும் தீரவில்லை. பெரியவர் வயலுக்கு இப்போது நீர் வருகிறது, தாமதமாகத்தான் வருகிறது. உள்ளதை உள்ளபடி சொல்கிறோம்.

இன்னொன்றும் நடந்தது. தலைவர் அப்படத்தில், "இனி என்னால் ஆகாது என்று விட்டுவிட மாட்டேன்" என்று கூறியிருந்தார். யாரோ ஒருவர் "இனி என்னால் ஆகாது" என்பதோடு வெட்டி, வாட்ஸ்அப் மூலம் ஊர் முழுவதும் பரப்பிவிட்டார். கட்சி கட்டிக்கொண்டு இரு தெருவினர் மோதும் நிலை வந்தது. இளைஞர்கள் முழுப் படத்தையும் டீக்கடை முன் போட்டுக் காட்டியே அதைத் தணித்தார்கள். இளைஞர்களே, ஒரு வாக்கியத்தில் மூன்று சொல்லை நீக்கினால் ஊர் இரண்டுபடும். உங்கள் விரல் நுனியில் உள்ள பொறுப்பு அத்தகையது.

கடைப்பிடிக்க வேண்டியவை

இவ்வனுபவங்களிலிருந்து சில முறைகளை உங்களுக்குச் சிபாரிசு செய்கிறோம்.

பேசியவருக்கு முதலில் படத்தைக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்வதை நீக்கிவிடுங்கள். அது அவர் உரிமை.

எதிரெதிர்க் கருத்துக்களைத் துண்டு துண்டாக வெட்டிக் கோக்காமல், ஒவ்வொருவரையும் சொல்லி முடிக்க விடுங்கள்.

வெளியிடுவதற்கு முன், வெட்டிய பகுதிகளுடன் குழுவினர் அனைவரும் அமர்ந்து, எதை விட்டோம் என்று ஆராயுங்கள். நல்ல விவாதம் ஊரில் நடக்க வேண்டுமானால் முதலில் குழுவில் நடக்க வேண்டும்.

படம் பத்து, பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேற்பட வேண்டாம். முடிவையும் படத்திலேயே சொல்லிவிட வேண்டாம். அது சபையின் வேலை.

"படம் எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பதோடு பேச்சு முடியும். எழுத்தறியாதவரும் தம் அனுபவத்தைக் கொண்டே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

தலைவரும் அதிகாரியும் கடைசியில் பேசட்டும். நாம் முதலில் பேசினால் பிறர் தலையாட்டுவார்கள். பெண்கள் சபையில் தயங்கினால், பகல் வேளையில் அவர்கள் கூடும் இடத்தில் தனியே ஒருமுறை காட்டுங்கள். ஒரு தெருவையும் விட்டுவிட வேண்டாம்.

பேசியவற்றை அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த சபையில் முதலில் அதைப் படித்து, நடந்தது எது, நடக்காதது எது என்று சொல்லுங்கள். பேசியும் பயனில்லை என்று ஊர் ஒருமுறை எண்ணிவிட்டால், பிறகு எவ்வளவு அழகான படமும் அவர்களைப் பேச வைக்காது.

பெரியோர்களே! முதல் கூட்டத்தில் காட்டிய படம் பார்வைக்கு அழகாகவே இருந்தது. இரண்டாவதில் காற்றின் இரைச்சலும் கைநடுக்கமும் உண்டு. ஆனால் வரப்பின் மீது நின்று அந்தப் பெரியவர் பேசுவது அதில் இருக்கிறது. உங்கள் ஊர்ப் படத்திலும் கடைமடைக்காரரின் குரல் இருக்கட்டும். அதைக் கேட்டபின் ஊர் பேசட்டும். நாமும் அருகில் அமர்ந்து கேட்கக் காத்திருக்கிறோம்.