கொடுத்த வாக்கும் காக்க வேண்டிய வாக்கும்



எந்த ஆசிரியையின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவர் வகுப்பறையிலும் ஞாயிறு பள்ளியிலும் கேள்வி கேட்ட பிள்ளையை ‘உட்கார்’ என்று அடக்கியதில்லை என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் துணிவில்தான், நம் ஆலயங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொண்டேன். தன்பாலீர்ப்புள்ள தன் பிள்ளைகளைப் பற்றிய திருச்சபையின் மனப்போக்கு உண்மையாகவே மாறிவருகிறதா? அல்லது பேச்சு மட்டும் மாறியிருக்கிறதா?

1. மேல்மட்டத்தில் நடந்தவை

முதலில் நாட்டின் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். தன்பாலுறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஆயுள் தண்டனை வரை போகக்கூடியதாக இருந்தது. வயது வந்தோர் மனமொத்து உறவுகொள்வது இப்பிரிவின்கீழ் குற்றமாகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று தீர்ப்பளித்தது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு 2018 செப்டம்பர் 6 அன்று, ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் அந்தக் குற்றப்பழியை நீக்கியது.

இந்த ஒன்பது ஆண்டுகளில் திருச்சபைகள் ஒரே குரலில் பேசவில்லை. 2018இல் அப்பிரிவு நீடிக்கவேண்டும் என்று நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் உத்கல் கிறிஸ்தவக் கவுன்சிலும் கேரளத்தின் அப்போஸ்தலத் திருச்சபைகள் கூட்டமைப்பும் இருந்தன. ஆனால் 2013இல், இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் தலைவராக இருந்த மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், தன்பாலினத் திருமணத்தைத் தாம் ஏற்காவிட்டாலும் தன்பாலீர்ப்புள்ளவர்களைக் குற்றவாளிகளாகத் திருச்சபை கருதியதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சீர்திருத்த, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளின் பொது அமைப்பான இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றம் இது குறித்துக் கலந்துரையாடல்களை நடத்தியது. பாலியல்பும் பாலினப் பன்மையும் பற்றி இறையியல் மாணவருக்கான கட்டுரைத் தொகுப்பு ஒன்றும் 2017இல் வந்தது.

உலக அளவில், தன்பாலீர்ப்போடு இருப்பது குற்றமல்ல என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜனவரியில் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, ஆசி கேட்டு வரும் தன்பாலின இணையரைக் குருவானவர் ஆசீர்வதிக்கலாம் என்றது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. அது திருமணம்போல் தோன்றக் கூடாது, வழிபாட்டு முறையாகவும் ஆகக் கூடாது. அந்த ஆசி 10 அல்லது 15 நொடிகளில் முடிந்துவிடும் என்று 2024 ஜனவரியில் வத்திக்கான் விளக்கமும் தந்தது. அந்த 15 நொடிகளையும் தர இயலாது என்று ஆப்பிரிக்க ஆயர்கள் அதே மாதம் அறிவித்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் பொது மாமன்றம் 2023 பிப்ரவரியில் ஆசி ஜெபங்களை 181க்கு எதிராக 250 வாக்குகளால் வரவேற்றது. ஆங்கிலிக்கன் குடும்பத்தில் பெரும்பிளவும் அதை ஒட்டி வெளிப்பட்டது.

இவற்றைக் கேட்டு ‘காலம் மாறிவிட்டது’ என்று மகிழ்கிறவர்கள் உண்டு. ‘கடைசி காலம் வந்துவிட்டது’ என்று கலங்குகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பாரும் ஒரே இடத்தைத்தான் பார்க்கிறார்கள்: உபதேசம் மாறியதா, இல்லையா. நான் உங்களை வேறோர் இடத்தைப் பார்க்க அழைக்கிறேன்.

2. ‘கூடாது’ என்ற ஆவணங்கள் தந்த வாக்கு

1998இல் உலக ஆங்கிலிக்கன் ஆயர்கள் லாம்பெத் மாநாட்டில் கூடினார்கள். தென்னிந்தியத் திருச்சபையும் அந்தக் குடும்பத்தில் ஓர் உறுப்பு. தன்பாலுறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்ற தீர்மானம் 526க்கு 70 என்ற வாக்கில் நிறைவேறியது. மாற்றத்தை எதிர்ப்பவர்கள் இன்றைக்கும் கையில் எடுப்பது அந்தத் தீர்மானத்தைத்தான்.

அதை முழுதாக வாசியுங்கள். தன்பாலீர்ப்புள்ளவர்களின் அனுபவத்தைச் செவிகொடுத்துக் கேட்க நாங்கள் உறுதி ஏற்கிறோம் என்று அதே தீர்மானம் சொல்கிறது. ஞானஸ்நானம் பெற்ற, விசுவாசமுள்ள ஒவ்வொருவரும், அவருடைய பாலீர்ப்பு எதுவாக இருந்தாலும், கிறிஸ்துவின் சரீரத்தில் முழு உறுப்பினர் என்றும் சொல்கிறது. இது தாராளவாதிகள் எழுதிச் சேர்த்த வேறொரு தாள் அல்ல. ‘கூடாது’ என்று வாக்களித்த அதே கைகள் கையெழுத்திட்ட வரிகள்.

கத்தோலிக்க மறைக்கல்வி நூலிலும் இதே நிலைதான். தன்பாலுறவை அது ஏற்கவில்லை. கடுமையான சொற்களால் மறுக்கிறது. அடுத்த பத்தியிலேயே, இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கவேண்டும், அநியாயமாக ஒதுக்கும் எந்தச் செயலின் சாயலும் ஆகாது என்று கட்டளையிடுகிறது.

ஆக, நம் இரு மரபுகளும் உபதேசத்தில் ஒரு புள்ளியும் மாற்றாமலேயே இம்மக்களுக்கு வாக்கு கொடுத்திருக்கின்றன. செவிகொடுப்போம், முழு உறுப்பினராக வைத்திருப்போம், ஒதுக்கமாட்டோம் என்பதே அந்த வாக்கு. மனப்போக்கு மாறுகிறதா என்பதை அளக்க நான் கையில் எடுக்கும் அளவுகோல் இதுதான். மாற்றத்தை விரும்புகிறவர்களின் கனவைக் கொண்டு திருச்சபையை அளக்கவேண்டாம். அது தானே கொடுத்த வாக்கைக் கொண்டு அளப்போம்.

3. நம் மண் ஏற்கெனவே கற்ற பாடம்

அறிக்கைக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் தென்தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குப் புதிதல்ல. சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முழுமையாக ஒழியவேண்டும் என்று கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டார். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் பிறகு ஒரு படி மேலே போனார்கள். சபை ஊழியர்கள் சாதி பாராமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்றார்கள். முடியாது என்று பலர் வேலையையே விட்டார்கள்.

கத்தோலிக்கர் பக்கமும் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1870களில் எழுந்த ஆலயம் சாதிக்கொரு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தத் தடுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து நடந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் நம் மாநிலத்தில் இன்றும் இருக்கின்றன என்பது இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்த வரலாறு இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. அறிக்கை வந்ததாலேயே மனம் மாறிவிடாது. ஆனால் அந்த அறிக்கை இருந்ததால்தான், பந்தியில் ஒதுக்கப்பட்டவர் எழுந்து நின்று ‘நீங்கள் சொன்னது என்ன, செய்வது என்ன’ என்று கேட்க முடிந்தது. பெண்களின் குருத்துவத்திலும் இதையே கண்டோம். தென்னிந்தியத் திருச்சபையில் முதல் பெண் குருவானவர் அபிஷேகம் பெற்றது 1976இல். முதல் பெண் பேராயர், நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையார், 2013இல். இடையில் 37 ஆண்டுகள்.

4. நம் சேகரங்களில், நம் பங்குகளில்

இனி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமுள்ள நம் ஊர்களுக்கு வருவோம். நம் வட்டாரத்தில் தன்பாலீர்ப்பைக் கண்டித்துப் பிரசங்கம் கேட்பதே அரிது. ஆதரித்துக் கேட்பது அதனினும் அரிது. இங்கே இருப்பது மௌனம். அந்த மௌனத்துக்குள் ஒருவர் எப்படி வாழ்கிறார் என்று பார்க்கவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் தன் சபையில் கீபோர்டு வாசித்தார். தகப்பனார் நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்த்தவர். அறுப்பின் பண்டிகைக்குப் பாடகர் குழுவைப் பழக்குவது முதல், அசனத்துக்கு விடியற்காலையில் வெங்காயம் உரிக்க உட்காருவது வரை எல்லாவற்றிலும் அந்தப் பையன் முன்னே நிற்பார். வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியதும் தாயிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். தாய் பயந்துபோய் ஒரு ஜெபக்குழுவிடம் ஓடினார். உபவாசம் போட்டார்கள். விடுதலை ஜெபம் என்று தலையில் எண்ணெய் பூசி, உள்ளே இருக்கும் ஆவியைப் பெயர் சொல்லும்படி அதட்டினார்கள். இருபத்தாறு வயதுப் பிள்ளை, தான் சிறுவயது முதல் பாட்டு வாசித்துக் கொடுத்த மனிதர்கள் நடுவே முழங்காலில் நின்று, ‘போய்விட்டது’ என்று பொய் சொல்லித் தப்பித்தார். இப்போது கோயம்புத்தூரில் வேலை. கிறிஸ்துமஸுக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, திருவிருந்துக்கு முன்பே எழுந்து போய்விடுகிறார். சபைப் பதிவேட்டில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. யாரும் அவரை நீக்கவில்லை. அதனால்தான் யாருக்கும் மனச்சாட்சி உறுத்தவில்லை.

அவர் பொய் சொல்லித் தப்பித்தார். ‘போய்விட்டது’ என்று நம்பிக் கல்யாணத்துக்குத் தலையசைத்துவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம், விவாக அறிக்கை படிக்கிறோம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்கிறோம். அப்படித் தலையசைத்த பையனின் உள்ளத்தில் இருக்கும் தடை அவன் வீட்டுக்குத் தெரியும். சில வேளை ஜெபித்த ஊழியருக்கும் தெரியும். தெரிந்தும் வாய் திறப்பதில்லை. ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று ஒரு பெண்ணை மருந்தாகக் கொடுக்கிறோம். ஒன்றும் அறியாமல் தாலி ஏற்று, தன்னிடம்தான் ஏதோ குறை என்று ஆண்டுக்கணக்கில் அழும் அந்தப் பெண்ணும் நம் சபையின் மகள்தானே? குடும்ப ஒழுக்கத்தைக் காக்கிறோம் என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதைத்தான். இந்தத் துரோகத்தை எந்த வேதவசனம் அனுமதிக்கிறது?

என் மதிப்புக்குரிய ஒரு மூத்த போதகர், ‘வேதம் தெளிவாக இருக்கிறது, அதில் சமரசம் செய்ய என்னால் ஆகாது’ என்று என்னிடம் சொன்னார். அவர் கடின மனம் படைத்தவர் அல்லர், மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டவர். லேவியராகமத்தையும் ரோமருக்கு எழுதிய நிருபத்தையும் எப்படி வாசிப்பது என்று இறையியலாளர்கள் வாதிடட்டும். அந்த வாதம் நீளும், நீளவும் வேண்டும். ஆனால் பேயோட்டுவதும், மறைத்து மணமுடிப்பதும், கீபோர்டிலிருந்து கையை எடுக்க வைப்பதும் எந்த உபதேசத்தாலும் கட்டளையிடப்பட்டவை அல்ல. அவற்றை நிறுத்த வேதத்தின் ஓர் எழுத்தையும் மாற்றவேண்டியதில்லை.

5. ஒரு நீதிபதி காட்டிய வழி

கேட்பது என்றால் என்ன என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர் ஒன்றாக வாழச் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் புகார் கொடுக்க, காவல்துறை தேடியது. பாதுகாப்புக் கேட்டு அவர்கள் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இந்த விஷயத்தில் தமக்கே முன்முடிவுகள் இருக்கின்றன என்று அவர் ஒப்புக்கொண்டார். உளவியலாளர் ஒருவரிடம் மாணவரைப்போல உட்கார்ந்து பாடம் கேட்டார். அதற்குப் பிறகே 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். பாலீர்ப்பை ‘மாற்றுகிறோம்’ என்று சிகிச்சை தருவதை அந்த உத்தரவு தடை செய்தது. அதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், அத்தகைய சிகிச்சையை மருத்துவரின் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. 2025 மே மாதத்தில் அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், குடும்பத்தாரால் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணை விடுவித்து, திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்றார்கள்.

மருத்துவர் செய்தால் ஒழுக்கக்கேடு என்று ஆகிவிட்ட ஒன்றை, ஜெபத்தின் பெயரால் நாம் தொடரலாமா? நீதிபதி ஒருவர் உட்கார்ந்து கேட்க முடிந்ததை, கேட்போம் என்று 1998இலேயே உறுதி எடுத்த நாம் செய்யாதிருக்கலாமா? இந்த வட்டாரத்தில் சபை வேரூன்றிய விதத்தை நினைத்துப் பாருங்கள். 1854 முதல் மிஷனரி ராக்லாந்து ஐயரும் அவருடைய தோழர்களும் கூடாரத்தைச் சுமந்துகொண்டு வடதிருநெல்வேலியின் ஊர்களுக்கு நடந்தார்கள். சிவகாசியிலேயே 1858இல் அவர் உயிர் பிரிந்தது. ஜனங்கள் இருந்த இடத்துக்குப் போனவர்களின் சந்ததி நாம்.

6. முடிவாக

மனப்போக்கு மாறுகிறதா என்ற கேள்விக்கு என் விடை இது. மேல்மட்டத்தில் பேச்சு மாறியிருக்கிறது. அது பொய்யல்ல, பயனற்றதும் அல்ல. ஆனால் நம் ஊர்களில் மாற்றத்தைக் கொண்டுவந்தவை நீதிமன்றமும், பிள்ளையைக் கைவிட மறுத்த சில பெற்றோரும். திருச்சபை இன்னும் தன் வாக்கைக் காக்கத் தொடங்கவில்லை. தொடங்கிவிட்டது என்று நான் நம்புவதற்கு நான்கு செயல்கள் போதும். அவற்றுக்கு மாமன்றமும் வேண்டாம், வத்திக்கானும் வேண்டாம். சேகரக் கமிட்டியும் பங்குப் பேரவையும் நினைத்தால் ஆகும்.

ஒன்று: பாலீர்ப்பை மாற்றுவதற்கான விடுதலை ஜெபமோ உபவாசக் கட்டாயமோ நம் வளாகத்தில் நடக்காது என்று முடிவெடுங்கள். இரண்டு: ஓலை வாசிக்கும் முன் மணமகனையும் மணமகளையும் தனித்தனியே, பெற்றோர் இல்லாமல் உட்காரவைத்து, ‘உனக்கு மனப்பூர்வமான சம்மதமா’ என்று கேளுங்கள். இல்லை என்றால் அதை மதியுங்கள், வெளியே சொல்லாதீர்கள். மூன்று: பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, அசனப் பந்தி, கல்லறைத் தோட்டம், இவற்றில் எதிலிருந்தும் இந்தக் காரணத்துக்காக ஒருவரையும் விலக்காதீர்கள். நான்கு: இப்படிப் பிள்ளை உள்ள தாய் தகப்பன் வந்து பேச, குருவானவரின் கதவு ஒன்றாவது திறந்திருக்கட்டும், அவர்கள் சொன்னது அந்த அறையைத் தாண்டக் கூடாது.

குருவானவர்களே, பங்குத்தந்தையரே, இந்த நான்கையும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானமாக வையுங்கள். எதிர்ப்பு வரும். அப்போது லாம்பெத் தீர்மானத்தையும் மறைக்கல்வி நூலையும் மேசைமேல் வைத்து, ‘இது நம் திருச்சபை ஏற்கெனவே கொடுத்த வாக்கு’ என்று சொல்லுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை உங்களிடம் உண்மையைச் சொன்னால், அது உங்கள்மேல் வைத்த நம்பிக்கை என்று அறியுங்கள். இங்கே அமைதியாக அமர்ந்திருக்கும் இளைஞர்களில் இந்தப் பேச்சு யாருக்கானதோ அவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற நாளிலேயே இந்தச் சபையில் உங்கள் இடம் உறுதியாகிவிட்டது. அது ஒருவர் கொடுத்து ஒருவர் பறிக்கும் இடமல்ல. அதைக் காத்துத் தருவது பெரியவர்களாகிய எங்கள் கடமை.