மலையுச்சி அஞ்சல் நிலையத்தின் ஒலி மட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே வானொலியைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் தம்முட் பேசிக்கொள்வதற்குப் பெரிதும் நம்பியிருப்பது ரிப்பீற்றர் எனப்படும் அஞ்சல் நிலையத்தையே. கையடக்கமான கருவியொன்றின் வலு ஏறக்குறைய 5 வாற்று. மேடும் கட்டடமும் குறுக்கிட்டால் அதன் அலை சில மைலுக்கு அப்பாற் செல்லாது. ஆதலின் உயர்ந்த மலையொன்றின் உச்சியிலே ஒரு வாங்கியையும் ஒரு செலுத்தியையும் நிறுவி, முன்னையது கேட்பதைப் பின்னையது அக்கணமே வேறோர் அலையில் வலுவுடன் சொல்லுமாறு செய்துள்ளனர். 146.34 மெகாஹேர்ட்சிற் கேட்டு 146.94 மெகாஹேர்ட்சிற் சொல்வது இத்தகைய நிலையங்களின் பழைய சோடிகளுள் ஒன்று.

இவ்விரண்டிற்கும் நடுவே இருப்பது கட்டுப்படுத்தி. பேச்சு வந்ததும் செலுத்தியை எழுப்புவதும், முடிந்ததும் அடக்குவதும், நிலையத்தின் அழைப்புக் குறியை மோர்ஸ் ஒலியாற் கூறுவதும் அதன் பணி. பேச்சு நடைபெறுங்கால் 10 நிமிடத்துக்கு ஒரு முறையேனும் அக்குறி ஒலித்தல் வேண்டுமென்பது அந்நாட்டு விதி. அப்பெட்டியினுள்ளே திருப்புளியாற் திருப்பத்தக்க சிறிய மாறுந்தடைகள் சில உள. நிலையத்தின் குரல் தெளிவதும் கெடுவதும் அவற்றின் கையில்.

புயற் காலத்திலே தேசிய வானிலைச் சேவைக்குத் தாம் கண்ணாற் கண்டதைத் தெரிவிக்கும் ஸ்கைவார்ன் தொண்டர் பலர் இவ்வஞ்சல் நிலையங்களின் வழியாகவே பேசுகின்றனர். ஆங்கிலத்திலே பதினைந்தும் ஐம்பதும் ஒரு மெல்லோசையாற்றான் வேறுபடும். அவ்வோசை இரைச்சலில் அமிழ்ந்துவிடின், காற்றின் வேகமும் தெருவின் இலக்கமும் பிழையாகச் சென்றடையும்.

இந்நிலையங்களிலே பேச்சின் உரப்புக்கேற்ப அலையின் மீடிறன், அதாவது அதிர்வெண், நடுநிலையினின்று இரு பக்கமும் விலகுகின்றது. 5 கிலோஹேர்ட்ஸ் விலகலே அங்கு வழக்கமான உச்சம். மிஞ்சினால் அயலலையிற் பேசுவோருக்கு இடையூறு நேரும். கேட்பவரது வாங்கியின் வடிகட்டியும் ஓரங்களை வெட்டிவிடச் சொற்கள் சிதையும். ஆகவே நன்கமைந்த நிலையத்தின் இலக்கணம் யாதெனின், 3 கிலோஹேர்ட்ஸ் விலகலோடு வந்த குரல் 3 கிலோஹேர்ட்ஸ் விலகலோடே வெளியேறுதல்.

இதனைச் செவியால் மதிப்பிட்டுச் சரிசெய்ய முயல்வோர் பலர். அது வீண் வேலை. செவி எந்த உரப்புக்கும் விரைவிற் பழகிவிடும். முதலிற் செலுத்தியின் எல்லைகாப்பை, எவ்வளவு ஓங்கிய ஒலியும் 5 கிலோஹேர்ட்சைத் தாண்டாதவாறு அமைத்தல் வேண்டும். அதன்பின் 1000 ஹேர்ட்ஸ் ஒலியை 3 கிலோஹேர்ட்ஸ் விலகலுடன் வாங்கிக்கு அனுப்பி, கட்டுப்படுத்தியின் உள்வாயில் உரிய மட்டத்தை நிறுத்தல் வேண்டும். வெளிவாயைத் தொடுவது அதற்குப் பின்னரே. இவ்வொழுங்கு மாறினால், உள்வாயிலே முகடு வெட்டுண்ட ஒலியை வெளிவாயிற் குறைத்து மறைக்க நேரும். வெட்டுண்டது வெட்டுண்டதே, குறைத்தால் மெதுவாகக் கரகரக்கும், அவ்வளவே. உள்வாயில் மிகக் குறைத்துவிட்டுப் பின்னர்ப் பெருக்கினாலோ, குரலோடு மின்னிரைச்சலும் சேர்ந்து வளரும்.

விலகலை அளக்கும் கருவி இல்லாதார்க்கும் வழியுண்டு. ஜேர்மானிய வானியலறிஞர் பெசலின் (1784-1846) பெயர் தாங்கிய கணிதச் சார்புகள் இங்கே கைகொடுக்கின்றன. விலகலானது ஊட்டும் ஒலியின் மீடிறனைப்போல் 2.405 மடங்காகும்போது நடு அலை முற்றாக மறைந்துவிடும். எனவே 1247 ஹேர்ட்ஸ் ஒலியை ஊட்டி, மட்டத்தைச் சுழியிலிருந்து மெல்ல உயர்த்தி, கூரிய வடிகட்டியுள்ள வேறொரு வாங்கியிலே நடு அலையைக் கவனித்திருந்தால், அது முதன்முறை மறையுமிடத்தில் விலகல் 3 கிலோஹேர்ட்ஸ். கோள்களின் இயக்கத்தை ஆராய்ந்தவரின் கணக்கு மலைக்குடிலொன்றிற் திருகாணி திருப்பத் துணையாவது வியப்பே.

மட்டம் சரியாயிருந்தும் குரல் கெடுவதுண்டு. இரைச்சலை வெல்லும் பொருட்டுச் செலுத்தி உயர்சுருதி ஒலிகளை மிகுத்து அனுப்ப, வாங்கி அவற்றைத் தணித்து முன்போலாக்கும். வாங்கியிலே தணிப்பதற்கு முந்திய இடத்தில் ஒலியை எடுத்துச் செலுத்தியின் மைக்கிரபோன் வாயில் ஊட்டினால், மிகுத்தல் இருமுறை நிகழ்ந்து குரல் கீச்சிடும். தணித்தபின் எடுத்ததை மிகுக்காத வாயில் ஊட்டினாலோ, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். எவ்வளவு திருகினும் இப்பிழை தீராது. கம்பியை இடம் மாற்றியே ஆகவேண்டும்.

எஞ்சியது அழைப்புக் குறி. பேச்சின் மேல் ஒலிக்க நேரும்போது அது பேச்சினும் மிகத் தாழ்ந்திருத்தல் வேண்டும். பல நிலையங்களில் அது பேச்சை அமுக்கி முழங்குகின்றது. விருந்தினர் பேசிக்கொண்டிருக்க வீட்டுக்காரன் கூவுவதை ஒக்கும். பேச்சு முடிந்ததை அறிவிக்கும் சிற்றொலிக்கும் இதே அளவு போதும்.

இறுதியில் தொலைவிலுள்ள ஒருவரைச் சிறு கருவியாற் பேசச் செய்து கேட்பர். குறையில்லையெனின் திருகாணிகளின் நிலையை ஒரு துளி வர்ணத்தால் அடையாளமிட்டு, அளவுகளை நிலையக் குறிப்பேட்டில் எழுதிய பின்பே மலையினின்று இறங்குவர். பனிக்காலத்தில் வழி அடைபட்டு, மாதக்கணக்காக மீண்டும் ஏறமுடியாத உச்சிகளும் உள.