தம்புள்ளைக் குகைவிகாரை: அண்ணாந்து காண வேண்டியவை

இலங்கையில், கண்டிக்கு வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், சமவெளிக்கு மேல் 160 மீட்டர் உயர்ந்து நிற்கும் பெரும்பாறையின் சரிவில் அமைந்த தம்புள்ளைக் குகைவிகாரை, 1991இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மேலே ஏறி வரும் பயணிகள் முதலில் வெண்ணிற முகப்பையே படம்பிடிக்கின்றனர். அதுவோ 1938இல் எழுந்தது. நேயர்கள் அதற்கும் மேலே, பாறையின் நெற்றியை நோக்குவார்களாக.

அங்கே விளிம்பு நெடுகக் காடி வெட்டப்பட்டுள்ளது. பாறைமுகத்தில் வழியும் மழைநீர் உட்புறம் ஊர்ந்து செல்லாமல் வெளியிலேயே சொட்டிவிடச் செய்யும் இவ்வமைப்பு, பிக்குகள் இங்குத் தங்கித் தவமிருந்த பழங்காலத்தைச் சேர்ந்தது. அதன் கீழே பிராமி எழுத்துக் கல்வெட்டும் உண்டு. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளின் சமணக் குகைத்தளங்களைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. சமயம் வேறாயினும் மழைக்குக் கண்ட வழி ஒன்றே.

காடி காத்த உலர்ந்த கூரையில்தான் பிற்காலத்தார் ஓவியம் தீட்ட முடிந்தது. ஒரே பாறைத்தாழ்வாரத்தைச் சுவர்களால் தடுத்து உருவாக்கிய ஐந்து குகைகளிலும் சுமார் 2,100 சதுரமீட்டர் பரப்பில் ஓவியங்கள் விரிகின்றன. கூரையைச் சமன்படுத்தாமல் அதன் மேடுபள்ளங்களின் மேலேயே தீட்டியமையால், காற்றில் உப்பிய பந்தல் துணிபோல அவை தோன்றுகின்றன. மிகப் பெரியதான இரண்டாம் குகையில், புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படைகளோடு, சிங்கள மன்னன் துட்டகைமுனு தமிழ் மன்னன் எல்லாளனுடன் பொருத போரும் காட்டப்பட்டுள்ளது. காடி தடுக்காத நீரும் அங்கு உண்டு. கூரைப் பிளவிலிருந்து கசியும் துளிகள் பாத்திரத்தில் ஏந்தப்பட்டு, புனித நீராக மதிக்கப்படுகின்றன.

கி.மு. முதல் நூற்றாண்டில், அரியணை இழந்து இங்கு ஒளிந்திருந்த வலகம்பா மன்னன், ஆட்சியை மீட்டபின் இவ்விகாரையை அமைத்தான் என்பது மரபு. எனினும் இன்று காணும் ஓவியங்களுள் பெரும்பாலானவை, 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத் திருப்பணியைச் சார்ந்தவை. அவனோ மதுரை நாயக்கர் உறவினன், மூன்றாம் குகையில் சிலையாக நிற்பவன்.

முதற்குகையில் பாறையிலேயே செதுக்கிய, ஏறத்தாழ 14 மீட்டர் நீளமான கிடந்த கோலப் புத்தரைப் பற்றி விரித்துரைக்க இங்கு நேரமில்லை. விகாரைக்குள் செல்வோருக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை, கழற்றிய காலணி, புத்தருக்கு முதுகுகாட்டிப் படமெடுக்காமை ஆகியன கட்டாயம். நண்பகலில் பாறை வெறுங்காலைச் சுடும். ஆதலின் காலையிலேயே ஏறும் நேயர்கள், இருளுக்குக் கண் பழகும்வரை இரண்டாம் குகையில் பொறுத்து நிற்பார்கள் என நம்பலாம்.