பத்தாயிரத்தில் எட்டு

ஆணுறை இல்லாமல் ஒரே ஒரு முறை உறவு; மறுநாள் காலையிலேயே கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்க்கிற எச்.ஐ.வி. பயம் தொடங்கிவிடுகிறது. கணக்கு அவ்வளவு மோசமில்லை. சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. உள்ள ஆணிடமிருந்து பெண்ணுக்கு யோனிவழி உறவில் கிருமி தொற்றுவது 10,000 முறைக்குச் சுமார் 8 என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பெண்ணிடமிருந்து ஆணுக்கு இன்னும் குறைவு. ஆசனவாய்வழி உறவில் பல மடங்கு அதிகம். எச்சிலால் பரவாது.

‘அந்த எட்டில் ஒன்று என்னுடையதாக இருந்தால்?’ நியாயமான கேள்விதான். அதனால்தான் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். தேவையென்றால் 28 நாள் தடுப்பு மாத்திரை தருவார். கெடு தாண்டிவிட்டதா? அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியம். காய்ச்சலையும் தடிப்பையும் வைத்து முடிவு கட்ட முடியாது, சாதாரண வைரஸுக்கும் அவை வரும். மறுவாரமே எடுக்கும் சோதனையை வைத்தும் முடிவு கட்ட முடியாது. விரல்குத்துச் சோதனையை மூன்று மாதம் கழித்து எடுத்து, ‘இல்லை’ என்று வந்தால் நம்பலாம்.