வீட்டு முற்றத்தில் செயற்கைப் புல்தரை: பழுது பார்த்தலும் பராமரிப்பும்

(காஞ்சிபுரத்தில் உழவர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



உழவியல் கற்பிக்கும் நான், நெல்லையும் நிலக்கடலையையும் விட்டு பிளாஸ்டிக் புல்லைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் புது வீடுகளைப் பார்த்து நம் கிராமத்து வாசல்களிலும் இந்தப் பச்சை விரிப்பு வந்துகொண்டிருக்கிறது. நீர் பாய்ச்ச வேண்டாம், வெட்ட வேண்டாம் என்று சொல்லி விற்கிறார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். பராமரிப்பே வேண்டாம் என்பது மட்டும் உண்மையன்று.

இது முதலில் விளையாட்டுத் திடலுக்கென வந்த பொருள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துக் கூரையிட்ட அரங்கில் இயற்கைப் புல் பிழைக்காததால் 1966ல் இதை விரித்தார்கள். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆட்டம் இதன்மேல் நடந்தது. சென்னை எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கிலும் இத்தகைய தரைதான்.

இதன் அமைப்பை அறிந்தால் பழுதும் எளிதில் விளங்கும். மேலே பாலிஎதிலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் இழைகள். கீழே அவற்றைத் தைத்துப் பிடிக்கும் விரிப்பு. அதில் நீர் வடியத் துளைகள். இழைகளுக்கிடையே கழுவி உலர்த்திய சிலிக்கா மணலைச் சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிலோ வரை தூவுவதுண்டு. இம்மணலே இழைகளை நிமிர்த்தி, விரிப்பையும் காற்றில் தூக்காமல் அழுத்தி வைக்கிறது. தூசி மிகுந்த மணலை இட்டால் துளைகள் அடைபடும்.

பழுதுகளில் பாதி மேலே இல்லை, அடியில்தான் இருக்கின்றன. நம் ஏரிப் பாசனப் பகுதிகளில் களிமண் நிலம் அதிகம். அது மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் நேரடியாக விரித்தால் ஓராண்டிலேயே மேடுபள்ளம் தோன்றிவிடும். ஆகவே 7 முதல் 10 செ.மீ. ஆழத்திற்கு மண்ணை வெட்டியெடுத்து, ஜல்லியும் மேலே கல்தூளும் இட்டு, நீர் தெளித்து, நன்கு திமிசு போட வேண்டும். 100 அடிக்கு 1 அடி வீதம் சரிவு இருத்தல் நலம். கோரை உள்ள இடமானால் கிழங்கோடு தோண்டி எடுத்த பிறகே ஜல்லி இடவும். கோரையின் முளை பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு வரும் என்பதை வயலில் மூடாக்குத் தாள் விரித்தவர்கள் அறிவார்கள்.

பள்ளம் விழுந்துவிட்டால் மேலே மணலைக் கொட்டி நிரப்புவது பயன் தராது. அருகிலுள்ள ஓரத்தின் ஆணிகளைப் பிடுங்கி, விரிப்பைச் சுருட்டி, பள்ளத்தில் கல்தூள் இட்டு இறுக்கிய பின் மீண்டும் விரித்து ஆணி அடிக்க வேண்டும். துரு ஏறாத நாக ஆணியே ஏற்றது.

தீபாவளிப் பொறியும் கார்த்திகை விளக்கும் இதற்குப் பகை. கண்ணாடிச் சன்னலில் பட்டுத் திரும்பும் வெயில்கூட இழைகளை உருக்கிவிடுவதுண்டு. உருகிய இழை மீண்டும் நிமிராது. அவ்விடத்தை வெட்டி ஒட்டுப் போடத்தான் வேண்டும். விரிப்பைப் புரட்டி, அடிப்பக்கத்திலிருந்து தையல் வரிசைகளுக்கிடையே கூரிய கத்தியால் சதுரமாக வெட்டுங்கள். அதே அளவுத் துண்டை மீந்த விரிப்பிலிருந்து எடுங்கள். இழை சாய்ந்திருக்கும் திசை பழையதோடு ஒத்திருக்க வேண்டும். மாறினால் வெயிலில் வேறு நிறமாகத் தெரியும். உடலையும் கரையையும் கோர்வையில் இணைக்கும் நெசவாளர்கள் வாழும் ஊரில் இணைப்பைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெட்டிய இடத்தின் அடியில் இணைப்பு நாடாவை வைத்து, பாலியூரித்தேன் பசை தடவி, துண்டைப் பொருத்திப் பலகையும் கல்லும் ஏற்றி ஒரு நாள் விடவும். பனி ஈரத்தில் ஒட்டினால் பிடிக்காது. பசை இழைமேல் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

வாராந்திர வேலை சிறிதே. வேப்பிலை, புங்க இலைகளைக் கூட்டி எடுக்கவும். மட்கவிட்டால் அதுவே மண்ணாகி, விதை விழுந்து களை முளைக்கும். மாதம் ஒருமுறை சாய்வுக்கு எதிராகத் தூரிகையால் வாரிவிட்டால் இழை எழும்பும். கம்பித் தூரிகை கூடாது. கோலமாவு படிந்தால் மணலோடு கெட்டியாகும். வாசலில் கோலமிடும் வீட்டில் அந்த இடத்தை விட்டு விரிப்பதே நல்லது என்பது என் கருத்து.

வெயிலில் இது இயற்கைப் புல்லைவிட மிகவும் சூடேறும். அக்கினி நட்சத்திர நாட்களில் நண்பகலில் குழந்தைகளை வெறுங்காலுடன் இதன்மேல் விளையாட விடாதீர்கள். நீர் தெளித்தால் ஆறும். சிறிது நேரத்தில் மீண்டும் சூடாகிவிடும். நிழல் மரமே மேல்.

கடைசியாக, கால்நடை வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது. உதிர்ந்த பச்சை இழைகளும் வெட்டிய துண்டுகளும் வைக்கோலிலோ தொட்டியிலோ கலந்தால் மாடு விழுங்கிவிடும். பிளாஸ்டிக் அசையூண் வயிற்றில் செரியாமல் தங்கி மாட்டின் உயிரையே வாங்கும். எனவே விரிப்பைத் தொழுவத்திற்கும் களத்திற்கும் அருகில் போடாதீர்கள். திடல்களில் இடும் ரப்பர்த் துகள் வீட்டிற்குத் தேவையில்லை. வேண்டுமென்றே சேர்க்கும் இத்தகைய நுண்துகள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் தடை விதித்து, திடல்களுக்கு 2031 வரை தவணை தந்திருக்கிறது. வெட்டி எறியும் துண்டுகளை எரிக்காமலும் ஏரிக் கால்வாயில் போடாமலும் சாக்கில் கட்டி, குப்பை சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். நல்ல நிலையில் மீந்த துண்டை மட்டும் வெயில் படாத இடத்தில் சுருட்டி வையுங்கள். அடுத்த ஒட்டுக்கு நிறமும் உயரமும் ஒத்த துண்டு கடையில் கிடைப்பது அரிது.