சுரங்க வாயுவும் பிரித்தானியாவின் கணக்கும்

பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களிற் பணிபுரிந்தோர் ஒரு வாயுவுக்குப் 'பயர்டாம்ப்' என்று பெயரிட்டிருந்தனர். 'டாம்ப்' என்பது பழைய ஜேர்மானிய மொழிகளில் ஆவியைக் குறித்த சொல். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, காற்றிலே நூற்றுக்கு 5 முதல் 15 பங்குவரை கலந்திருக்குங்கால் ஒரு தீப்பொறி பட்டாற் போதும், சுரங்கம் வெடித்துவிடும். 1812ஆம் ஆண்டு வட இங்கிலாந்தின் பெல்லிங் சுரங்கத்தில் 92 பேர் மாண்டனர். அதன் பின்னரே, 1815இல், சேர் ஹம்பிறி டேவி தம் காப்பு விளக்கை அமைத்தார். விளக்கு வந்தும் விபத்து ஓயவில்லை. 1913 ஒக்ரோபரில் தென் வேல்ஸிலுள்ள செங்கெனித் சுரங்கம் 439 தொழிலாளரைப் பலிகொண்டது. பிரித்தானியா தன் வரலாற்றிலேயே மிக அதிகமான நிலக்கரியை, ஏறக்குறைய 29 கோடித் தொன்னை, வெட்டியெடுத்ததும் அதே ஆண்டிலேதான்.

அவ்வாயுவே மெதேன். நம் வீடுகளிற் சிலிண்டரில் வரும் வாயு இதுவன்று. அது பெரும்பாலும் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. மெதேன் சேற்று நிலத்திலும் நெல்வயலிலும் ஊறும். நிலக்கரிப் படையினுள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடைபட்டும் கிடக்கும். கரியை வெட்டும்போது அது வெளிப்படும். பெரிய விசிறிகளைக் கொண்டு அதனைச் சுரங்கத்திலிருந்து அகற்றி வானில் விட்டனர். உள்ளே நின்றவன் பிழைத்தான். வானிற் சென்ற வாயு யாது செய்யும் என்று அக்காலத்தில் எவரும் வினவவில்லை.

இன்று அதற்கு விடை தெரியும். 100 ஆண்டுக் கணக்கிற் பார்த்தால், ஒரு தொன் மெதேன் ஏறத்தாழ 28 தொன் காபனீரொட்சைட்டுக்கு நிகராக வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. 20 ஆண்டுக் கணக்கிலோ 80 தொன்னுக்கும் மேல். ஆயினும் அது காற்றில் நிலைப்பது ஏறக்குறைய 12 ஆண்டுகளே. இன்று கசிவை நிறுத்தினால் அதன் பயனை இத்தலைமுறையே காணலாம்.

பிரித்தானிய அரசின் கணக்கு 1990ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொள்கிறது. அவ்வாண்டிலிருந்து அந்நாட்டின் மெதேன் வெளியேற்றம் 60 வீதத்துக்கும் மேலாகக் குறைந்துள்ளது. குப்பைமேடுகளின் வாயுவைச் சேர்த்தெடுத்தமை ஒரு பெருங் காரணம். அது தனியே பேசுதற்குரியது. சக்தித் துறையில் நிகழ்ந்தது யாது என்பதே இங்கு கேள்வி.

முதலாவது, சுரங்கங்கள் மூடப்பட்டமை. 1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நீடித்த பெரும் வேலைநிறுத்தம் தொழிலாளரின் தோல்வியில் முடிந்தது. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள் அடைக்கப்பட்டன. யோக்ஷயரின் கெலிங்லி என்னும் கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசெம்பரில் ஓய்ந்தது. சுரங்க மெதேனும் முன்னைய அளவில் ஒரு சிறு பங்காயிற்று. எந்த அமைச்சரும் மெதேனைக் குறைக்கும் பொருட்டு அச்சுரங்கங்களை மூடவில்லை. கணக்கேட்டில் வெற்றியெனத் தோன்றும் அவ்விறக்கத்துக்கு விலை கொடுத்தவை வேலையிழந்த சுரங்கக் கிராமங்களே. இதனை மறந்து புள்ளிவிவரத்தை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. மூடிய சுரங்கமும் உடனே அடங்கிவிடுவதில்லை. நீர் நிரம்பும்வரை ஆண்டுக்கணக்கில் வாயு கசியும். சிலவற்றில் அதனை உறிஞ்சி மின்சாரம் ஆக்குகின்றனர்.

இரண்டாவது, நிலத்தடிக் குழாய்கள். நிலக்கரியிலிருந்து ஆக்கிய நகர வாயுவே நெடுங்காலம் பிரித்தானிய அடுப்புகளை எரித்தது. 1965இல் வட கடலில் இயற்கை வாயு கிடைத்தது. 1967 முதல் 1977 வரை நாடெங்கும் அடுப்புகள் அதற்கேற்ப மாற்றப்பட்டன. அடுப்பை மாற்றியவர்கள் வார்ப்பிரும்புக் குழாய்களை மாற்றவில்லை. அவற்றின் பொருத்துக்களில் சணல் நாரைத் திணித்து ஈயம் வார்த்திருந்தனர். பழைய வாயு ஈரமுடையது. அந்த ஈரத்தில் நார் ஊதி இடைவெளியை அடைத்து நின்றது. புதிய வாயுவோ உலர்ந்தது. நார் வற்றிச் சுருங்கியது. பொருத்துத்தோறும் மெதேன் கசிந்தது. வாயுவோடு சில திரவங்களின் ஆவியைக் கலந்து நாரை மீண்டும் நனைக்க முயன்றமை பொறியியலாளரின் யுக்திக்குச் சான்று.

முழு மாற்றம் 2002இல்தான் தொடங்கியது. கட்டடங்களிலிருந்து 30 மீற்றருக்குள் உள்ள இரும்புக் குழாய்கள் யாவும் 30 ஆண்டுகளில் நீக்கப்படல் வேண்டும் என்பது திட்டம். பெரும்பாலும் பொலித்தீன் குழாய்களே அவற்றின் இடத்தைப் பிடித்தன. இதற்கும் தூண்டுகோல் வானிலையன்று, வீடுகளில் நிகழ்ந்த வெடிவிபத்துக்களே. 1999 டிசெம்பரில் ஸ்கொத்லாந்தின் லார்க்ஹோல் நகரில் ஒரு வீடு வெடித்து நால்வர் இறந்தனர். உயிரச்சம் செய்வித்த பணியால் காற்றும் நன்மை பெற்றது.

இந்தக் கணக்கினை எவ்வளவு நம்பலாம்? ஒவ்வொரு கசிவிலும் மானி பொருத்தி அளந்தவர் இல்லை. இன்ன வகைக் குழாய் இவ்வளவு நீளம், மைலுக்கு இவ்வளவு கசியும் எனப் பெருக்கிப் பெறுவதே வழக்கம். ஆதலின் புதிய ஆய்வு வரும்போது பழைய ஆண்டுகளின் தொகையும் திருத்தப்படுகிறது. இறக்கத்தின் திசையில் ஐயமில்லை. தொகையைத் தசமம்வரை கொண்டாடுதல்தான் மிகை.

இன்னொன்றும் உண்டு. 2004 முதல் பிரித்தானியா தான் ஏற்றுமதி செய்வதிலும் அதிக வாயுவை இறக்குமதி செய்கிறது. நோர்வேயிலிருந்து குழாய்வழியாகவும், கட்டாரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பல்வழியாகவும் அது வருகிறது. அமெரிக்கக் கிணற்றிற் கசிந்த வாயு, எரிந்த அடுப்பு இலண்டனில் இருந்தாலும், அமெரிக்காவின் கணக்கிலேயே எழுதப்படும். 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் தொடக்கிவைக்கப்பட்ட உலக மெதேன் உறுதிமொழியோ, 2030ஆம் ஆண்டுக்குள் 2020இன் அளவில் 30 வீதத்தைக் குறைக்க வேண்டும் என்கிறது. அந்த 30 வீதம் தனியொரு நாட்டுக்கு விதித்ததன்று. உலகு முழுவதற்கும் பொதுவான தொகை. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாறிய கசிவு அத்தொகையிற் குறைவாகத் தோன்றாது.